ஆரக்கிள்களும் குவாண்டம் கணிமையும்

கணிமைக் கோட்பாட்டில் ஆரக்கிள் என்பது, கேட்ட கேள்விக்கு ஒரே படியில் விடை தருவதும் தன் உள்ளியக்கத்தைக் காட்டாததுமான ஒரு கற்பனைக் கருவியாகும். அதனிடம் எத்தனை கேள்விகள் கேட்டால் ஒரு சிக்கல் தீரும் என்று எண்ணிப் பார்ப்பதே குவாண்டம் கணினியையும் வழக்கமான கணினியையும் ஐயத்துக்கு இடமின்றி ஒப்பிடுவதற்குரிய முதன்மை வழியாக விளங்குகிறது. ஏனெனில் ஆரக்கிள் இல்லாத நிலையில் முன்னது பின்னதை விஞ்சும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இம்முறைக்கும் எல்லை உண்டு. விரைவில் தீர்க்கத்தக்க 'பி' வகைச் சிக்கல்களும், தந்த விடையை விரைவில் சரிபார்க்கத்தக்க 'என்பி' வகைச் சிக்கல்களும் ஒன்றேயாகும் ஆரக்கிள் ஒன்றும், வேறுபடும் ஆரக்கிள் ஒன்றும் உண்டென்பதை 1975இல் பேக்கர், கில், சொலவே ஆகியோர் காட்டினர்; எனவே ஆரக்கிளைக் கொண்டு பெறும் முடிவு ஆரக்கிள் இல்லாத நிலையைத் தானாகத் தீர்மானிக்காது.

டேவிட் டொய்ச் 1985இல் தொடங்கி, 1992இல் ரிச்சர்ட் ஜோசாவுடன் விரிவாக்கிய சிக்கலில் குவாண்டம் கணினிக்கு ஓரிரு கேள்விகளே போதுமாயின. எனினும், சிறு பிழைக்கு இடமளித்தால், எழுந்தமானமாகத் தெரிவு செய்யும் வழக்கமான கணினிக்கும் சில கேள்விகளே போதும் என்பதால் அது வலுவான சான்றாகவில்லை. அக்குறையை நீக்கும் பாதை 1993இல் ஈதன் பேர்ன்ஸ்டைனும் இந்திய வம்சாவளியினரான உமேஷ் வசிரானியும் அமைத்த சிக்கலால் திறந்தது. ஆரக்கிள் n பிட் நீளமுள்ள இரகசியச் சரம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது. கொடுக்கப்படும் ஒவ்வொரு சரத்துக்கும், அதிலும் இரகசியச் சரத்திலும் ஒரே இடத்தில் 1 வரும் இடங்களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் அது சொல்கிறது. ஒரு விடையில் ஒரு பிட் தகவலே கிடைப்பதால் வழக்கமான கணினி n முறை கேட்டே ஆக வேண்டும். குவாண்டம் கணினியோ எல்லாச் சரங்களும் ஒருங்கே கலந்த மேற்பொருந்துகை நிலையை ஒரே கேள்வியாக அனுப்ப, ஆரக்கிள் ஒற்றை விடைக்குரியவற்றின் குறியை மட்டும் மாற்றித் தருகிறது. பின்னர் அலைகள் ஒன்றையொன்று அழித்தும் கூட்டியும் நிகழ்த்தும் தலையீட்டில் மற்றவையெல்லாம் மறைந்து இரகசியச் சரம் மட்டுமே எஞ்சுகிறது. இச்சிக்கலை அடுக்கடுக்காக மடித்து, பல்லுறுப்பு அளவை மிஞ்சும் இடைவெளியையும் அவர்கள் பெற்றனர். 1994இல் டானியல் சைமன் அதை அடுக்குக்குறி இடைவெளியாக உயர்த்த, அதிலிருந்தே பீட்டர் ஷோர் பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் முறையைக் கண்டார்.

தேடலில் கிடைக்கும் ஆதாயம் சிறியது. புத்தளம் உப்பளத்தில் பத்து இலட்சம் மூட்டைகள் இருந்து, அவற்றுள் ஒன்றில் மட்டும் அடையாளம் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் சராசரியாக ஐந்து இலட்சம் மூட்டைகளைப் பார்க்க வேண்டும். மீரட்டில் பிறந்து தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற லவ் குரோவர் 1996இல் பெல் ஆய்வுகூடத்திலிருந்து வெளியிட்ட முறைக்கு ஏறத்தாழ 785 கேள்விகள் போதும். மூட்டைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமான அளவுக்குக் கீழே எந்தக் குவாண்டம் முறையாலும் இறங்க முடியாது என்பதை பெனெட், பேர்ன்ஸ்டைன், பிரசார்ட், வசிரானி ஆகியோர் அதற்கு முன்பே நிறுவியிருந்தனர். எல்லை முதலில் வரையப்பட்டு, அதைத் தொடும் முறை பின்னால் வந்த இந்த வரிசை அரிதானது. ஒழுங்கமைப்பு இல்லாத சிக்கலில் குவாண்டம் கணினியிடம் மிகையாக எதிர்பார்க்கலாகாது என்பதையும் அது தெளிவாக்குகிறது.

2018இல் ரான் ராஸும் அவிஷாய் டாலும், ஸ்கொட் ஆரன்சன் முன்வைத்திருந்த ஒரு சிக்கலைத் தழுவி, 'என்பி'யையும் அதற்கு மேலுள்ள படிகளையும் அடக்கிய பல்லுறுப்புப் படிநிலைக்குள் குவாண்டம் கணிமை அடங்காத ஆரக்கிள் ஒன்றை அமைத்தனர். 'பி'யும் 'என்பி'யும் ஒன்றேயாகிவிட்ட ஆரக்கிள் உலகிலும் குவாண்டம் கணினியின் மேன்மை அழியாமல் நிற்க முடியும் என்பது அதிலிருந்து பெறப்பட்டது.