படம் வரைஞ்சவர் சரி, எடுத்தவர் யாரு?

கௌதள்ளி என்று சொன்னால் யாருக்கும் சட்டென்று தெரியாது. கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில், ஹனூர் தாண்டி வரும் ஊர். 1956ல் மாநிலங்களைப் பிரிக்கும் வரை கொள்ளேகால் தாலுகா நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. அதனால் வங்கிக்கு வருகிறவர்களில் பலர் என்னிடம் தமிழிலேயே பேசுவார்கள். கோவில்பட்டிக்காரனான எனக்கு அது ஒரு ஆறுதல்.

மகள் மைசூரில் ஹாஸ்டலில் தங்கி பி.யு.சி. படிக்கிறாள். கிடார் பைத்தியம். 2004ல் ஜார்ஜ் ஹாரிசன் நினைவாக நடந்த ஒரு மேடையில் பிரின்ஸ் கிடார் வாசித்த வீடியோவைப் பார்த்ததில் இருந்து அவர்தான் அவளுக்குச் சாமி. போன தசரா லீவில் வந்தவள், போனில் இருந்த ஒரு போட்டோவைப் பார்த்து, கட்டம் போட்டு, நாலு நாள் உட்கார்ந்து அவரை அக்ரிலிக்கில் வரைந்து முடித்தாள். பெற்ற பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, கண் இரண்டும் அப்படியே வந்திருந்தது!

மைசூர் திரும்பியதும் போன் வந்தது. "அப்பா, இங்க ஒரு காபிக் கடைக்காரர் படத்துக்கு அஞ்சாயிரம் தர்றேங்கறார். கப்புலயும் பிரிண்ட் போடணுமாம். வாங்கிக்கட்டுமா?"

"தாராளமா வாங்கிக்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இருபது வருடம் பத்திரங்களைப் புரட்டிய புத்தி சும்மா இருக்குமா? "சரிம்மா, அந்த போட்டோவை எடுத்தது யாரு?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடியபோது கிடைத்ததுதான் இந்தக் கதை. பிரின்ஸ் படத்தை வைத்தே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டு வந்திருக்கிறார்கள்.

1981 டிசம்பர். லின் கோல்ட்ஸ்மித் என்ற பெண் புகைப்படக்காரர் நியூயார்க்கில் உள்ள தன் ஸ்டூடியோவில் பிரின்ஸைப் படம் எடுத்தார். நியூஸ்வீக் பத்திரிகைக்கான வேலை. அவர் முகத்துக்குத் தானே கூடுதல் மேக்கப் போட்டு, எலும்பமைப்பு தெரியும்படி விளக்குகளை வைத்து எடுத்திருக்கிறார். பிரின்ஸ் அப்போது இன்னும் உச்சத்துக்கு வராத இளைஞர். எடுத்தது கருப்பு வெள்ளை. பத்திரிகை கடைசியில் அந்தப் படத்தைப் போடாமல், அவர் எடுத்த ஒரு கச்சேரிப் படத்தைப் போட்டது.

1984ல் பிரின்ஸ் உலகப் புகழ் அடைந்தார். வேனிட்டி ஃபேர் பத்திரிகை அவரைப் பற்றி ஒரு கட்டுரைக்கு ஓவியம் வேண்டும் என்று ஆண்டி வார்ஹோலிடம் போனது. அவர் பார்த்து வரைவதற்காக அந்த ஸ்டூடியோ போட்டோவுக்கு 400 டாலர் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். நிபந்தனை: ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஊதா நிறத்தில் பிரின்ஸ் வந்தார். பக்கத்தில் கோல்ட்ஸ்மித் பெயரையும் போட்டார்கள். கணக்கு நேர்.

ஆனால் வார்ஹோல் ஒன்றோடு நிறுத்தவில்லை. அதே முகத்தை வைத்து மொத்தம் 16 படங்கள் செய்திருந்தார். 1987ல் அவர் காலமாக, படங்களின் உரிமை அவர் பெயரில் உள்ள அறக்கட்டளைக்குப் போனது. 2016 ஏப்ரலில் பிரின்ஸ் இறந்தபோது, வேனிட்டி ஃபேரை நடத்தும் கொண்டே நாஸ்ட் நிறுவனம் ஒரு நினைவுச் சிறப்பிதழ் போட்டது. அட்டையில் அந்த 16ல் ஒன்றான ஆரஞ்சு பிரின்ஸ். அறக்கட்டளைக்கு 10,000 டாலர். கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. இப்படி ஒரு வரிசை இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது!

அவர் கேள்வி கேட்டதும், 2017ல் அறக்கட்டளையே முந்திக்கொண்டு கோர்ட்டுக்குப் போனது. 2019ல் கீழ்க்கோர்ட்டில் அறக்கட்டளைக்கு வெற்றி. 2021ல் மேல்முறையீட்டில் கோல்ட்ஸ்மித்துக்கு. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோனியா சோட்டோமயோர். பிரின்ஸைப் பற்றிய கட்டுரைக்குப் படம் கொடுப்பதுதானே போட்டோக்காரரின் பிழைப்பு, அதே வேலைக்கு அதே முகத்தை விற்றால் அது நியாயமான பயன்பாடு ஆகாது என்பது சாரம். எலீனா கேகன் மாறுபட்டு எழுதினார். கலை என்பதே முன்னோர் செய்ததை எடுத்துத்தான் வளர்கிறது, இந்தத் தீர்ப்பு அதை நெரிக்கும் என்றார். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அவரோடு சேர்ந்துகொண்டார்.

ஒன்று கவனியுங்கள். வார்ஹோல் வரைந்ததே தப்பு என்று கோர்ட் சொல்லவில்லை. 2016ல் பத்திரிகைக்கு உரிமை விற்றதை மட்டும்தான் பார்த்தது. எங்கள் பாஷையில் சொன்னால், மாடு வாங்கக் கொடுத்த கடனில் பைக் வாங்கிய கதை. பைக் நல்ல பைக்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அனுமதி மாட்டுக்குத்தானே?

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி போட்டோவும் கலைப்படைப்புதான், எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் பாதுகாப்பு. ஆனால் நாம் காசு கொடுத்து நமக்காக எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் உரிமை நமக்கு. உங்கள் கல்யாண போட்டோ அப்படித்தான். பிரின்ஸ் போட்டோ அப்படி இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மகள் ஒரே கேள்வியில் என்னைச் சாய்த்துவிட்டாள். "நம்ம வீட்ல தாத்தா படம் மாட்டியிருக்கே, அதுக்கு போட்டோ எடுத்தது யாருப்பா?"

காலண்டர் சாமிகளை வரைந்த கொண்டையராஜு (1898-1976) வாழ்ந்த ஊர் எங்கள் கோவில்பட்டி. அங்கே ஓவியர்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒருவர் என் தாத்தா இறந்த பிறகு, இருந்த ஒரே போட்டோவைப் பார்த்து வரைந்த படம் அது. மூலையில் அவர் கையெழுத்து இருக்கும். வருகிறவர்களிடம் எல்லாம் அவர் பெயரைப் பெருமையாகச் சொல்லுவோம். போட்டோ எடுத்தவரை இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும்தான்.

அம்மாவுக்கு போன் போட்டேன். டிரங்குப் பெட்டியில் இருந்து பழைய போட்டோவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது, பாதி அழிந்துபோய். "ஸ்டூடியோன்னு மட்டும் தெரியுதுய்யா, பேரு தெரியலை" என்றாள். தாத்தாவை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, தோளைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி, வெளிச்சம் பார்த்து எடுத்த மனுஷன். தாத்தா முகம் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிவதே அவரால்தான்.

மகள் காபிக் கடைக்காரரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். எனக்கே கொஞ்சம் வருத்தம்தான், அஞ்சாயிரம் ஆச்சே! பிறகு இரண்டு நாள் தேடி, தன் போட்டோவை எடுத்தவர் பெயரைக் கண்டுபிடித்து ஒரு மெயில் அனுப்பியிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை. படம் இங்கே கௌதள்ளி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கீழே அவள் கையெழுத்து, அதற்கு மேலே போட்டோ எடுத்தவர் பெயர்.

ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பழைய போட்டோக்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஸ்டாம்பு முழுசாக அழிவதற்குள்.