மிச்சிகன் வுல்வரீன்ஸ்: 1969 பருவம்

ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, போ ஷெம்பெக்லர் (1929–2006) தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டில் ஆடிய பருவம். 11 ஆட்டங்களில் 8 வெற்றி, 3 தோல்வி. ‘பிக் டென்’ கூட்டமைப்பின் பட்டத்தை ஓஹையோ ஸ்டேட்டுடன் பகிர்ந்துகொண்டது.

முந்தைய பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஓஹையோ ஸ்டேட்டிடம் மிச்சிகன் 14–50 எனத் தோற்றிருந்தது. வெற்றி உறுதியான பின்பும் அந்த அணி, டச்டவுனுக்குப் பின் வழக்கமான ஒரு கூடுதல் புள்ளிக்குப் பதிலாக இரண்டு புள்ளிக்கு முயன்றது. ஏன் என்று கேட்டதற்கு, மூன்று புள்ளிக்கு வழியில்லாததால்தான் என்று அதன் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ் சொன்னாராம். அப்படிச் சொன்னாரா என்பது ஐயத்துக்குரியது. களத்தில் நேர்ந்த குழப்பமே காரணம் என்போரும் உண்டு.

பம்ப் எலியட்டுக்குப் பின் பொறுப்பேற்ற ஷெம்பெக்லர், ஹேய்ஸிடம் ஆடியவர். பின்னர் அவருக்கே துணைப் பயிற்சியாளராகவும் இருந்தவர். அவருடைய பயிற்சியின் கடுமை தாங்காமல் பலர் விலகினர். எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. நிலைத்து நிற்பவர்களே வாகையர் ஆவார்கள் என்னும் பொருளில் அவர் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார். விலகிப்போன ஒருவர், போகிறவர்கள் மருத்துவரும் வழக்கறிஞரும் ஆவார்கள் என்று அதன் கீழே எழுதிவிட்டுப் போனதாகவும் ஒரு கதை உண்டு.

முதல் ஐந்து ஆட்டங்களில் மிசௌரியிடமும் மிச்சிகன் ஸ்டேட்டிடமும் தோல்வி. அடுத்த நான்கில் 178–22 என்ற மொத்தப் புள்ளிக் கணக்கில் வெற்றி.

1969 நவம்பர் 22 அன்று, 22 ஆட்டங்களாகத் தோல்வி காணாத ஓஹையோ ஸ்டேட் ஆன் ஆர்பருக்கு வந்தது. அந்த வாரம் பயிற்சியில் எதிரணியாக நின்றவர்களின் சட்டைகளில், முந்தைய ஆண்டின் 14–50 தோல்வியை நினைவூட்டும் 50 என்ற எண் இருந்ததாகப் பலரும் எழுதியுள்ளனர். பார்வையாளர்கள் 1,03,588 பேர். கார்வி க்ரா இரண்டு டச்டவுன் எடுத்தார். பேரி பியர்சன், எதிரணி உதைத்தனுப்பிய பந்தை ஏந்தி 60 கெஜம் ஓடினார். எதிரணியின் எறிவுகளில் மூன்றை இடைமறித்துப் பிடித்தார். மிச்சிகன் அன்று இடைமறித்த எறிவுகள் மொத்தம் ஆறு. இடைவேளையில் மிச்சிகன் 24–12 என முன்னிலை, பிற்பாதியில் யாரும் புள்ளி எடுக்காததால் அதுவே முடிவானது. வென்ற ஆட்டத்தின் பந்து எலியட்டிடம் தரப்பட்டது. வீரர்களில் பெரும்பாலோர் அவர் சேர்த்தவர்கள் என்பதால் அது தகும்.

1970 ஜனவரி 1 ரோஸ் பௌல் ஆட்டத்துக்குச் சற்று முன் ஷெம்பெக்லருக்கு மாரடைப்பு வந்தது. துணைப் பயிற்சியாளர் ஜிம் யங் வழிநடத்த, அணி தென் கலிபோர்னியாவிடம் 3–10 எனத் தோற்றது.

1978 வரை நீண்ட ஹேய்ஸ்–ஷெம்பெக்லர் போட்டியில் மிச்சிகன் 5 வென்றது, 4 தோற்றது. ஓர் ஆட்டம் சமன். ஷெம்பெக்லர் 1989 பருவம் வரை பணியாற்றினார். பல்கலைக்கழக மருத்துவர் ஒருவரின் பாலியல் அத்துமீறல்கள் பற்றி ஷெம்பெக்லரிடம் அன்றே கூறியதாக முன்னாள் வீரர்கள் சிலர் 2021இல் தெரிவித்தனர். அவரோடு பணியாற்றிய வேறு சிலர் அதை ஏற்கவில்லை.