ஸ்பானிய எதிர்மறை ஏவல்

ஸ்பானிய மொழியில் ‘செய்யாதே’ என்று விலக்கும் வினைவடிவம். உடன்பாட்டு ஏவலின் முன் ‘நோ’ சேர்த்தால் போதாது. வினையின் ஈறும் மாற வேண்டும். ‘ஆப்லா’ என்றால் பேசு. பேசாதே என்பதற்கு ‘நோ ஆப்லெஸ்’.

நிகழ்காலத் தன்மை ஒருமையிலிருந்து தொடங்குவதே எளிய வழி. ‘ஆப்லோ’ (பேசுகிறேன்) என்பதன் இறுதி ‘ஓ’வை நீக்கி, மூலவினை ‘ஆர்’ என முடிந்தால் எகரமும், ‘ஏர்’, ‘ஈர்’ என முடிந்தால் அகரமும் சேர்க்க வேண்டும். இப்படி உயிர் இடம் மாறியே ‘நோ கோமாஸ்’ (உண்ணாதே), ‘நோ எஸ்க்ரீபாஸ்’ (எழுதாதே) ஆகியவை பிறக்கின்றன. மரியாதைக்குரியவரிடம் இறுதி ‘ஸ்’ விழும்: ‘நோ ஆப்லெ’. ஸ்பெயினில் நெருக்கமான பலரிடம் ‘நோ ஆப்லெய்ஸ்’. லத்தீன் அமெரிக்காவில் எல்லாப் பன்மைக்கும் ‘நோ ஆப்லென்’. இவையெல்லாம் தனி ஏவல் வடிவங்கள் அல்ல. விருப்பம், ஐயம் முதலியவற்றைச் சொல்லும் ‘சுப்ஹுந்திவோ’ வினைநிலையின் வடிவங்களே.

கற்பவர் அதிகம் தடுமாறுவது பிரதிப்பெயரில்தான். ‘கோம்ப்ராலோ’ (அதை வாங்கு) என்பதில் வினையோடு ஒட்டிக்கிடக்கும் ‘லோ’, மறுக்கும்போது பிரிந்து முன்னே வந்துவிடும்: ‘நோ லோ கோம்ப்ரெஸ்’.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ‘தொக்கார்’ (தொடுதல்) வினையின் ககர ஒலி ‘நோ தோக்கெஸ்’ என்பதிலும் நிலைப்பதற்காக, ‘சி’ எழுத்துக்குப் பதிலாக ‘கியூ’, ‘யு’ இரண்டும் எழுதப்படும்.

பொது அறிவிப்புப் பலகைகளில் இந்த ஈறு மாற்றம் இல்லாமல், ‘நோ ஃபுமார்’ (புகைபிடிக்கக் கூடாது) என்று மூலவினையே அப்படியே நிற்பதும் வழக்கம்.