தெளிந்த நீரும் தூய நீரும்: வழிப்பயணக் குடிநீர் முறைத்தேர்வின் வரலாறு

முன்னுரை

ஊரில் வாழ்வோர்க்குத் தம் கிணறும் குளமும் பழகியவை. வழிநடைப் பயணியோ முன்பின் அறியாத நீர்நிலையின் கரையில் நின்று, கையில் உள்ள சிறு பொருளைக் கொண்டே அந்நீரைக் குடிநீராக்க வேண்டியவர். அவர் எம்முறையைக் கைக்கொண்டார் என்பது, நீரில் எதனை அஞ்சினார் என்பதைப் பொறுத்தே அமைந்தது. கலங்கலை நீக்கும் பழைய முறை, கிருமிக் கொள்கை தோன்றியபின் தேவையற்றுப்போனதாகக் கருதுவோர் உண்டு. பயணக் குடிநீரின் வரலாறு அக்கருத்துக்கு இடம் தரவில்லை.

தேற்றாங்கொட்டை

‘தேற்று’ என்னும் வினை கலங்கிய நீரைத் தெளிவித்தலையும் கலங்கிய மனத்தை ஆற்றுதலையும் ஒருங்கே குறிப்பது. நெய்தற்கலியில், கலங்கித் தெளிந்த தலைவிக்குத் தேற்றாவிதையால் தெளிந்த நீர் உவமையாகிறது. இவ்விதையை மட்கலத்தின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றிவைத்தால், விதையிலுள்ள பொருள்கள் களிமண் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து அடியில் படியச் செய்யும். சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றி 1795இல் வெளிவந்த தம் நூலின் முதல் தொகுதியில் வில்லியம் ராக்ஸ்பர்க், இவ்விதை சந்தைதோறும் விற்கப்பட்டதைக் கூறுகிறார். முன்யோசனை மிக்க கும்பெனி அதிகாரிகளும் வீரர்களும் போர்க்காலத்தில் இதனை உடன் கொண்டுசென்றனர் என்றும் பதிவுசெய்கிறார். படிகாரத்தைவிட எளிதில் கிடைப்பது, உடலுக்குத் தீங்கு குறைவாக இருக்கக்கூடும் என்பன அவர் சுட்டும் காரணங்கள். இன்றைய மலையேறியும் ஏறத்தாழ இதே அளவுகோல்களைக் கொண்டே தேர்வு செய்கிறார்.

ஆயினும், படியும் மண்ணோடு கிருமிகளில் ஒரு பகுதியே நீங்கும். தெளிவு தூய்மைக்குச் சான்றாகாது என்பதை 1854ஆம் ஆண்டு இலண்டன் காலரா உணர்த்தியது. ஜான் ஸ்நோ குற்றஞ்சாட்டிய பிராட் தெருக் குழாயின் நீர் கலங்கல் நீரன்று. மக்கள் விரும்பிப் பருகிய நீர்.

படைகளின் அனுபவம்

கிருமிக் கொள்கை நிலைபெற்ற பின்னரும் படைகள் நீரால் மடிந்தன. 1899–1902 தென்னாப்பிரிக்கப் போரில் பிரித்தானியப் படையில் 57,000க்கும் மேற்பட்டோர் டைபாய்டு காய்ச்சலுக்கு ஆளாயினர். அவர்களுள் 8,000 பேர் வரை இறந்தனர். 1900 பிப்ரவரியில் பார்டபெர்க் முற்றுகையின்போது, இறந்த குதிரைகள் மிதந்துவந்த மாடர் ஆற்று நீரையே வீரர்கள் குடித்தனர். அடுத்துப் புளூம்ஃபான்டைன் நகரில் நோய் பெருகியது. அறிவின்மை இதற்குக் காரணமன்று. காய்ச்ச வேண்டும் என்பது தெரிந்ததே. மரங்கள் அரிதான புல்வெளியில் விறகில்லை. வடிகட்டிகள் சேற்றுநீரில் அடைத்துக்கொண்டன. தாகத்தால் வருந்தும் வீரன் காத்திருக்கமாட்டான் என்பதைக் கணக்கில் கொள்ளாத எம்முறையும் களத்தில் பயன்படவில்லை.

டேக்கினும் டன்ஹாமும் 1917இல் அறிமுகப்படுத்திய ஹாலசோன் மாத்திரை இவ்விடர்ப்பாட்டுக்கு விடையாயிற்று. 4 மில்லிகிராம் மாத்திரை ஒரு லிட்டர் நீரை அரை மணி நேரத்தில் கிருமி நீக்கும். எனினும் குப்பி திறந்தபின் அது வீரியம் இழந்தது. சீதபேதி அமீபா கடின உறைக்குள் ஒடுங்கியிருக்கும் நிலையில் இம்மாத்திரையின் வழக்கமான அளவுக்கு அழியவில்லை. எனவே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கோர்டன் ஃபேர் முதலியோர் அயோடின் மாத்திரையை உருவாக்கினர்.

மலைவழிப் பயணியர்

படைக்கலப் பையிலிருந்த அயோடின் பின்னர் மலையேறிகளின் பைக்கு இடம்பெயர்ந்தது. சிறு குப்பியில் அயோடின் படிகங்களை எடுத்துச்செல்லும் முறையை கான், விஷர் ஆகியோர் 1975இல் வெளியிட்டனர். அமெரிக்க மலையோடைகளில் ஜியார்டியா குறித்த அச்சம் பரவிய காலம் அது. 1993இல் மில்வாக்கி நகரக் குழாய்நீர்வழி ஏறத்தாழ 4,03,000 பேரைத் தாக்கிய கிரிப்டோஸ்போரிடியம், குளோரினுக்கும் அயோடினுக்கும் எளிதில் அடங்காது எனத் தெளிவானதும் தேர்வு வடிகட்டியின் பக்கம் சாய்ந்தது. ஆனால் 0.2 மைக்ரான் துளை வடிகட்டி இவ்வுயிரியைத் தடுப்பினும் வைரசுகளை உறுதியாகத் தடுக்காது.

காய்ச்சுதல் இவை அனைத்தையும் வெல்லும். உயர்மலையில் நீர் குறைந்த வெப்பத்தில் கொதிப்பதால் அது பயனற்றது என்னும் நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. 5,000 மீட்டர் உயரத்திலும் கொதிநிலை 83 பாகை செல்சியசு அளவில் உள்ளது. நோய்க்கிருமிகள் அழிய அது போதும். குறை எரிபொருளின் சுமையே.

புற ஊதாக் கதிர்க்கருவி கலங்கல் நீரில் பயனற்றுப்போகிறது. துகள்களின் நிழலில் கிருமிகள் தப்புகின்றன. குளோரினையும் கலங்கலிலுள்ள கரிமப்பொருள் உண்டுவிடுகிறது. ஆதலால் படியவைத்தலும் துணியில் வடித்தலும் இவற்றுக்கு முற்படியாக விதிக்கப்படுகின்றன. பேரிடர்க் காலங்களில் வழங்கப்படும் ஒருவகைச் சிறு பொட்டலத்தில், மண்ணைத் திரட்டும் இரும்புச் சல்பேட்டும் கிருமியைக் கொல்லும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றாகவே கலக்கப்பட்டுள்ளன. 10 லிட்டர் நீரில் அதனை இட்டு ஐந்து நிமிடம் கலக்கி, படிந்தபின் பருத்தித் துணியில் வடித்து, மேலும் 20 நிமிடம் காத்திருந்து பருக வேண்டும்.