திருப்பணிக்கு வழிகாட்டும் பழைய வரைபடங்கள்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்குக் காண்பது நம் ஆலய மரபு. திருப்பணியின்போது, பழஞ்சுவர் எது, பின்னர் எழுப்பியது எது என்னும் ஐயத்தைத் தீர்க்க வல்லவை கட்டட வரைபடங்களே. சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்திற்கு அளிக்கப்பெற்ற, 1884ஆம் ஆண்டு தொடங்கிய வரைபடங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் பேணப்படுகின்றன.

வரைபடத்தின் வகையை அறிதலே முதற்பணி. கஞ்சிப்பசை ஊட்டிய மெல்லிய துணியில் மையால் வரைந்தவை ஒரு வகை; நீர் பட்டால் பசை கரைந்து படம் சிதையும். நீலப் பின்னணியில் வெண்கோடுகள் கொண்டது நீலப்படி. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்ட முறையில் அமைந்த இதற்கு ஒளியும் காரமும் பகை. பிற ஆவணங்களைக் காக்கும் காரத்தாளே இதன் நிறத்தைக் கெடுத்துவிடும். வெளிர்தாளில் நீலம் அல்லது ஊதாக் கோடுகள் உடையது அம்மோனியா ஆவியால் உருவாக்கும் டயசோப் படி. அது அருகிலுள்ள தாள்களையும் கறைப்படுத்துமாதலால் தனித்து வைத்தல் வேண்டும்.

அடுத்து, கையாளும் முறை. கைகளைக் கழுவி உலர்த்திய பின்னரே தொடுக. சுருளை வலிந்து விரிக்கலாகாது. பெரிய தாளை இருவர் ஏந்துக. குறிப்பெடுக்கப் பென்சிலே தகும். கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டுவதும், தாளுக்கு நெகிழி உறையிட்டு அழுத்துவதும் பெருந்தீங்கு. மடிக்காது, அகன்ற இழுப்பறையில் கிடத்தி வைப்பதே நன்று.

ஆலய அலமாரியில் உறங்கும் சுருள்களைப் பழந்தாள் என்று எறிந்துவிடாதீர். அன்பர்களே! முன்னோர் எழுப்பிய திருக்கோயிலின் வரலாறு அவற்றிலும் அடங்கியுள்ளது.