மக்தாலாவின் திருப்பொருள்களும் திருச்சபையின் பொறுப்பும்

வென்ற படைகள் தோற்றவரின் ஆலயங்களைச் சூறையாடிய வரலாறு திருமறை மாணவர்க்குப் புதிதன்று. நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்தின் பணிமுட்டுகளைக் கவர்ந்து சென்றான். பெல்ஷாத்சார் அவற்றில் மது அருந்தினான். கோரேசின் காலத்தில் 5,400 பணிமுட்டுகள் திரும்பிவந்தன என எஸ்றாவின் நூல் கூறுகிறது. ஆயின், சூறையாடியவரும் பறிகொடுத்தவரும் கிறிஸ்தவர்களாகவே இருப்பின் நாம் என்ன சொல்வோம்?

எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸ், விக்டோரியா அரசியாருக்கு எழுதிய கடிதத்திற்கு விடை வராததும் ஒரு காரணமாகச் சினமுற்று, பிரித்தானியத் தூதரையும் மிஷனரிகள் சிலரையும் சிறைவைத்தார். அவர்களை மீட்கவென்று சர் ராபர்ட் நேப்பியர் தலைமையில் பம்பாயிலிருந்து படை சென்றது. அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்; மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் இருந்தனர். எனவே இது நமக்குத் தொடர்பற்ற கதையன்று.

1868 ஏப்ரல் 13 அன்று மக்தாலாக் கோட்டை வீழ்ந்தது; பேரரசர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார். சிறைப்பட்டோர் அதற்கு முன்னரே விடுவிக்கப்பட்டிருந்தனர். படையெடுப்பின் நோக்கம் நிறைவேறிய பின்னரே கொள்ளை நிகழ்ந்தது என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். பொன்னாலான நற்கருணைப் பாத்திரம், கிரீடம், சிலுவைகள், நூற்றுக்கணக்கான தோற்சுவடிகள் ஆகியவை 15 யானைகள் மீதும் ஏறக்குறைய 200 கோவேறு கழுதைகள் மீதும் ஏற்றிச் செல்லப்பட்டு, ஏலம் விடப்பட்டன. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சார்பில் உடன்சென்ற ரிச்சர்ட் ஹோம்ஸ் அவற்றுள் பலவற்றை வாங்கினார். ஏலத்தொகை படைவீரர்க்குப் பங்கிடப்பட்டது. 1871இல் பிரதமர் கிளாட்ஸ்டன் இச்செயலைக் குறித்துப் பாராளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார்.

கவரப்பட்டவற்றுள் ‘தாபோத்’ எனப்படும் திருப்பலகைகளும் இருந்தன. உடன்படிக்கைப் பெட்டியை நினைவுறுத்தும் இப்பலகையே எத்தியோப்பிய ஆலயத்தைத் திருநிலைப்படுத்துவது. குருக்களன்றி எவரும் அதைக் காணலாகாது. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள 11 தாபோத்துகள் எவர் கண்ணிலும் படாதவாறு பூட்டிய அறையில் வைக்கப்பட்டுள்ளன. அருங்காட்சியகங்களே இத்தகைய பொருள்களை அழியாது காத்தன என்பர் சிலர். அது உண்மையாயினும், காத்தவர் உரியவர் ஆகிவிடார்.

எடின்பரோவின் தூய யோவான் ஆலயத்தில், படை அதிகாரி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த தாபோத் ஒன்று அலமாரியில் மறந்துகிடந்தது. அங்குப் பணியாற்றிய குருவானவர் ஜான் மெக்லக்கி அதனை இன்னதென்று அறிந்துகொண்டார். திருச்சபை அதனை 2002இல் திருப்பியளித்தது. அடிஸ் அபாபாவில் மக்கள் பெருந்திரளாகக் கூடி அதனை வரவேற்றனர்.

ஏலத்தில் வாங்கியதாலோ, ஆலயத்திற்குக் காணிக்கையாகப் படைத்ததாலோ கொள்ளைப்பொருள் தூய்மையடைந்துவிடாது. காணிக்கையைப் பெறுமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதும், உரியவரை அறிந்தபின் திருப்பித் தருவதும் மனந்திரும்புதலின் கனிகளே. ஆலயப் பொருள்களின் கண்காணிப்பை ஏற்றிருக்கும் நாமும் நம் அலமாரிகளைத் திறந்து பார்ப்போமாக.