ஆறு புள்ளிக்குள் சுரங்கள்

பிறெயில் என்றால் எங்களுக்குப் புத்தகம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1829இல் லூயி பிறெயில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சொற்களோடு இசையும் தேவாலயப் பாட்டும் சேர்ந்து நிற்கின்றன. வாத்தியம் பழகிக்கொண்டிருந்த ஒரு பெடியன் உருவாக்கிய எழுத்து அது என்று பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை.

லூயி 1809இல் பாரிசுக்குக் கிழக்கேயுள்ள கூவ்றே கிராமத்தில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில், பட்டறையில் விளையாடும்போது தோல் குத்தும் ஊசி ஒரு கண்ணில் ஏறியது. தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் பார்வை முழுதாகப் போயிற்று. அந்தக் காலத்தில் பார்வையற்ற ஏழைப் பிள்ளைகள் பலருக்கு மிஞ்சியது பிச்சைதான். லூயிக்கு அப்படி ஆகாததுக்கு ஊரும் ஒரு காரணம். பங்குத்தந்தை பாடம் சொல்லிக்கொடுத்தார். ஊர் வாத்தியார் மற்றப் பிள்ளைகளோடேயே இருத்திப் படிப்பித்தார். ஊர்ப் பிரபுவின் சிபாரிசோடு, 1819இல், பத்து வயதில் பாரிசிலுள்ள பார்வையற்ற சிறுவர் பள்ளியில் சேர்ந்தார்.

பழைய, ஈரம் பிடித்த கட்டடம். ஆனால் அங்கே இசை இருந்தது. மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குப் படிப்பித்தார்கள். பியானோ, செலோ, ஓர்கன் எல்லாம் லூயி அங்கேதான் பழகினார். ஓர்கன் வாசிக்கத் தெரிந்தால் தேவாலயத்தில் வேலை கிடைக்கும். பிறர் கையை எதிர்பார்க்காமல் சீவிக்கலாம்.

இதில்தான் சிக்கல். காதால் கேட்டுப் பழகுகிறவன் யாராவது வாசித்துக் காட்டும் வரைக்கும் காத்திருக்கவேணும். 1821இல் பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து பள்ளிக்கு அறிமுகமானது. பன்னிரண்டு புள்ளிகள், விரல்நுனிக்குள் அடங்காது. நிறுத்தக்குறியும் இல்லை, இசையும் இல்லை. லூயி அதை ஆறு புள்ளிகளாக்கி 1824இல் அடிப்படையை முடித்தபோது அவருக்கு வயது 15. (தமிழ்ப் பிறெயிலும் இதே ஆறு புள்ளிக்குள்தான், எங்கட ‘அ’வுக்கு ஒரே ஒரு புள்ளி.)

தனியொரு மேதையின் கதையாக இதைச் சொல்வது எங்களுக்குப் பிடிக்கேல்லை. அவர் காலத்திலேயே பள்ளி நிர்வாகம் இந்த எழுத்தைத் தடுத்தது. ஒளிச்சு ஒளிச்சு அதில் எழுதி, வாசித்து, உயிரோடு வைத்திருந்தது மாணவர்கள்தான். அரசு ஏற்றது 1854இல். லூயி காசநோயால் இறந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு.

அதற்கிடையில் அவர் பாரிசின் சென் நிக்கொலா தே ஷான் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தார். இசைக்குறியையும் திருத்திக்கொண்டே இருந்தார். இன்றுள்ள முறையில் மேல் நான்கு புள்ளிகள் எந்தச் சுரம் என்று சொல்லும். கீழ் இரண்டும் அது எவ்வளவு நேரம் ஒலிக்கவேணும் என்று சொல்லும். ஒரு கை புள்ளிகளைத் தடவ மற்றக் கை வாசிக்கும், பிறகு மாறும். இரண்டையும் மனதில் சேர்த்தால்தான் பாட்டு முழுதாகும். ஓர்கனில் காலுக்கும் தனி வரி உண்டு. அதையும் கைதான் வாசிக்கவேணும்.